சிவப்புக் கோலி வைத்திருந்த காவலர்

செய்தி வந்த நேரத்தில் நான் பெங்களூரு மாநகரத்தின் போக்குவரத்தைக் கட்டியாண்டுகொண்டிருந்தேன். நீலசந்திராவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வானத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதே எங்கள் அடுக்ககம், அதன் பெரிய வாசலில் தடுப்புக் கம்பை ஏற்றி இறக்கும் சகல அதிகாரமும் என் வலது கையில் இருந்தது. காலை பத்து மணி ஆகவில்லை. போன் அடித்தது. எங்கள் அடுக்ககத்தில் வீட்டுவேலை செய்யும் செல்வி.

"அண்ணா, முனிரத்தினம் அண்ணா போயிட்டாரு. காபி கேட்டாராம். அண்ணி எடுத்துனு வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

கம்பை இறக்கியவன் ஏற்ற மறந்துபோனேன். வண்டிகள் நின்றன. வரிசை அத்திபெலேயைத் தாண்டி, ஓசூரைத் தாண்டி, கிருஷ்ணகிரியில் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டு மேலும் நீண்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். நம்ப முடியாதவர்கள் பதினோரு கார், நாலு டெலிவரி வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். அண்ணனுக்கு மேளம் வாசிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அரசாங்க மரியாதை கிடைக்காத மனிதருக்கு அந்தச் சாலையே எழுந்து நின்று சத்தம் போட்டது. போதும்.

அவரை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன அறிமுகம். அண்ணன் எங்கள் வாசலில் ஆறு வருடம் காவலராக இருந்தார். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஏஜென்சி கொடுத்த நீலச் சட்டை ஆறடி ஆளுக்குத் தைத்தது. அதற்குள் அவரும் இருந்தார், இன்னொரு காவலர் வந்தாலும் இடம் இருந்தது. நான் அவருக்கு சூப்பர்வைசர். அதாவது அதே சட்டைதான் எனக்கும், கூடுதலாக ஒரு விசிலும் ஒரு டேப்லெட்டும். நான் உத்தரவு போடுவேன், அவர் "ஆவட்டும் ஏகாம்பரம்" என்பார், அப்புறம் எல்லாம் அவர் நினைத்தபடி நடக்கும். மூவேந்தர்களுக்குக் கூட இப்படி ஒரு மந்திரி வாய்த்திருக்க மாட்டார்.

காவலராவதற்கு முன் இருபத்தாறு வருடம் அவர் லேத் ஓட்டியவர். எங்கே என்று கேளுங்கள். இதே மண்ணில். எங்கள் அடுக்ககம் நிற்கிற இடத்தில் முன்பு ஒரு இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. அதை மூடினார்கள், நிலத்தை விற்றார்கள், கோபுரம் கோபுரமாக வீடு எழுப்பினார்கள். அண்ணனுடைய லேத் நின்ற இடத்தில் இப்போது நீச்சல் குளம். புதிதாகக் குடிவந்தவர்கள் கிளப்ஹவுசுக்கு வழி கேட்டால், "டூல் ரூம் தாண்டி லெஃப்ட்" என்று சொல்லிவிடுவார். இல்லாத டூல் ரூமைத் தேடி எத்தனையோ பேர் அலைந்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஒருநாள் மதியம் வாசலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், இந்த இடத்தில் அப்போது எத்தனை வாட்ச்மேன் என்று கேட்டேன். ஷிஃப்டுக்கு இரண்டு பேர் என்றார். இப்போது நாங்கள் வாசலில், மாடியில், அடித்தளத்தில், குப்பை அறைப் பக்கத்தில் என்று ஒரு படையே இருக்கிறோம். கேமராக்களைச் சேர்த்தால் இரண்டு படை. அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "முன்னே பொருளு செய்யறவனுக்கு சம்பளம் குடுத்தாங்க. இப்போ பொருளை எவனும் தொடாம பார்த்துக்கறவனுக்கு குடுக்கறாங்க."

பெரிய பெரிய பொருளாதார மேதைகள் தடித்தடிப் புத்தகங்களில் சொல்லி முடிக்காததை அந்த மனிதர் ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். யோசித்துப் பாருங்கள். வேலை போனவர்கள் எங்கே போனார்கள்? ஒருவர் காவலர் ஆனார், அவர் வீட்டுப் பெண்கள் மேலே பாத்திரம் தேய்க்கப் போனார்கள், பிள்ளைகள் சாப்பாட்டுப் பை தூக்கி வண்டி ஓட்டினார்கள். இவர்களில் யார் மேலே போக வேண்டுமானாலும் இவர்களிலேயே ஒருவர் நிறுத்திச் சோதிக்க வேண்டும். தாமதமானால் வண்டிக்காரப் பையனுக்கு அவன் கம்பெனி தண்டம் போடும். நிறுத்தாமல் விட்டால் எனக்கு என் ஏஜென்சி தண்டம் போடும். மேலே இருப்பவர்கள் கையில் பிரம்பே இல்லை. நாங்களே ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொள்கிறோம்.

வருடா வருடம் எங்களையும் வேலைக்காரப் பெண்களையும் ஸ்டேஷனுக்கு வரிசையாக அனுப்பி, போட்டோ, கைரேகை எல்லாம் எடுத்து நல்ல நடத்தைச் சான்று வாங்குவார்கள். ஒருமுறை அங்கிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நம்மள நம்ப மாட்டாங்க. ஆனா ஊருக்குப் போறப்ப சாவியை நம்ம கையிலதான் குடுத்துட்டுப் போவாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் கன்னடத்தில் விளக்கம் கேட்டார், அண்ணன் கன்னடத்திலும் சொன்னார், அவரும் சிரித்துவிட்டுச் சில்லறையைக் கொடுக்க மறந்தார்.

இனி அண்ணனுடைய பிஸ்கட் டப்பாவின் வரலாறு. ராஜவம்சங்களின் வரலாற்றை விட முக்கியமானது, கவனமாகப் படியுங்கள்.

தொழிற்சாலை வாசலில் ஒரு தகர பிஸ்கட் டப்பா இருந்ததாம். உள்ளே பத்துக் கோலி. ஒன்பது வெள்ளை, ஒன்று சிவப்பு. ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் உள்ளே கையை விட்டு ஒரு கோலி எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். கூட்டுகிறவரும் எடுப்பார், பெரிய மேனேஜரும் எடுப்பார். மேனேஜருக்குச் சிவப்பு வந்த ஒருநாள், அவர் பையில் மனைவி கட்டிக்கொடுத்த பாகற்காய்க் கூட்டு அப்படியே திறக்காமல் இருந்ததாம். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அண்ணன் நடித்துக் காட்டுவார். தொழிற்சாலையை மூடிய கடைசி நாளில் ஆளாளுக்கு ஒரு ஞாபகப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சுத்தியல், ஒருவர் சுவர்க் கடிகாரம். அண்ணன் அந்த டப்பாவையே எடுத்துவிட்டார். டப்பா பைக்குள் போய்விட்டதால் அன்றைக்கு யாரையும் சோதிக்க முடியவில்லை.

இப்போது செல்வியின் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்கிறேன்.

செல்வி எங்கள் அடுக்ககத்தில் மூன்று வீட்டிலும், பக்கத்து அடுக்ககத்தில் இரண்டு வீட்டிலும் வேலை செய்தாள். அதில் ஒன்று பன்னிரண்டாம் மாடியில் ஒரு அம்மா வீடு. நல்லவர்தான். தீபாவளிக்குப் புடவை கொடுப்பவர். அவருடைய கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. நடந்த அடிகளை எண்ணி, இதயத்துடிப்பைச் சொல்லி, தூங்கினாயா என்று விசாரிக்கிற புதுமாதிரிக் கடிகாரம். அவர் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் வருத்தப்பட்டு எழுதினார். சங்கத்தின் செயலாளர் உடனே எனக்குச் செய்தி அனுப்பினார்: செல்வியை பிளாக் பண்ணிடுங்க.

வாசலில் என் கையில் இருக்கிற டேப்லெட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அந்த ஆளின் பெயர் சிவப்பாகிவிடும். எங்கள் வாசலில் மட்டுமல்ல, அந்தச் சாலையில் அதே ஆப் வைத்திருக்கிற எல்லா வாசலிலும். போலீஸ் வேண்டாம், புகார் வேண்டாம், நீதிபதி வேண்டாம். ஒரு நொடி போதும். நான் அமுக்கினேன். டீ ஆறுவதற்குள் அமுக்கிவிட்டு டீயும் குடித்தேன்.

மறுநாள் காலை செல்வி வந்தாள். டேப்லெட் முன் முகத்தைக் காட்டினாள். திரை சிவந்தது. "அனுமதி இல்லை."

"என்னாண்ணா, செவப்பா வருது?"

"சிஸ்டம் அப்பிடித்தான்மா காட்டுது" என்றேன்.

அவளுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கடிகாரத்தைத் தான் பார்க்கவே இல்லை என்றாள். மேலே போய் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்றாள். சிவப்பானவர்கள் மேலே போக முடியாது என்றேன். பக்கத்து அடுக்ககத்துக்குப் போனாள். அங்கேயும் சிவப்பு. பத்து மணிக்குள் ஐந்து வீடும் போயிற்று. திரும்பி வந்து எங்கள் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பிரசங்கம் வரும் என்று நான் கவசம் பூண்டு காத்திருந்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சிஸ்டத்துக்கு வெரலு இருக்காப்பா?"

பிறகு டேப்லெட் உயிர்விடும் நாட்களுக்காக நாங்கள் வைத்திருந்த தடித்த நோட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அதில் பெயர், பொருள், காரணம், குறிப்பு என்று கட்டம் போட்டிருக்கும். செல்வி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் சொன்னதை எழுதினார். திரும்பி வந்து எனக்குக் காட்டினார். பொருள்: கைக்கடிகாரம். காரணம்: பார்க்கவில்லை என்று சொன்னார். குறிப்புக் கட்டம் காலி.

"கோர்ட்டுல கூட வாய்தா உண்டு. கையும் களவுமா புடிச்சவனைக்கூட 'நீ என்னா சொல்ற'ன்னு ஒருவாட்டி கேப்பாங்க. இவ கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலை, பாரு" என்றார்.

அடுத்த நாள் காலை டப்பா வாசலுக்கு வந்தது.

எங்கள் வாசலில் சங்கம் மாட்டிய ஒரு பலகை உண்டு. தங்க எழுத்தில், மூன்று மொழியில்: வெளியே செல்லும் அனைவரின் பைகளும் சோதனைக்கு உட்பட்டவை. நடைமுறையில் அந்த 'அனைவர்' என்பது வேலைக்காரப் பெண்கள், டிரைவர்கள், பெயின்டர்கள். அண்ணன் பலகையைக் காட்டி என்னிடம் அனுமதி கேட்டார். சங்கத்தின் பலகையை மீற எனக்கு அதிகாரம் இல்லை என்று மிகுந்த கம்பீரத்தோடு சொல்லிவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல்களில் அதுவே தலையாயது.

மூன்று நாள் திருவிழா. பாத்திரம் தேய்த்துவிட்டு இறங்கிய பெண்கள் கோலி எடுத்தார்கள், வெள்ளை வந்தது, பையைத் திறக்காமலே வெளியே போனார்கள். ஒருத்தி இரண்டடி போய்விட்டுத் திரும்பிவந்து, நிஜமாகவே போகலாமா என்று கேட்டாள். குடியிருப்போரும் எடுத்தார்கள். குழந்தைகள் எடுப்பதற்காகவே மூன்று முறை வெளியே போய்விட்டு வந்தார்கள். ஒரு மாமிக்குச் சிவப்பு வந்து, பையிலிருந்த முருங்கைக்காயை வாசலில் வரிசையாக அடுக்கி, எங்கே வாங்கினேன் தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தனக்கு மட்டும் சிவப்பே வருவதில்லை, இதில் ஏதோ பாரபட்சம் இருக்கிறது என்று எழுத்துமூலம் புகார் கொடுத்தார். அத்தனை நாளும் செல்வி மரத்தடிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருந்தால் அக்கம்பக்கம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்கும் என்பதால்.

நாலாம் நாள் மாலை, செயலாளர் கிளப்ஹவுஸ் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து இறங்கி, வெளியே நிறுத்தியிருந்த காரை எடுக்க வாசலுக்கு வந்தார். அவர் ஒன்றும் கெட்டவர் அல்ல. கோயம்புத்தூர்க்காரர், சிரித்த முகம், மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி. வேடிக்கையாகவே கையை விட்டார். சிவப்பு.

பையை அண்ணன் திறந்தார். உள்ளே ஷூ, தண்ணீர் பாட்டில், சங்கத்தின் முத்திரை பொறித்த துண்டு நான்கு. கிளப்ஹவுசில் துண்டு குறைகிறது, கூட்டுகிற பெண்களைக் கவனியுங்கள் என்று அதே செயலாளர்தான் போன மாதம் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். இது உலகமே ஒரு கணம் சுழலாமல் நின்ற இடம். சூரியனும் எட்டிப் பார்த்தது.

செயலாளரின் முகம் அந்தக் கோலியின் நிறத்துக்கு வந்தது. "அது... வாஷ் பண்ணத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. நோட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பொருள்: துண்டு நான்கு. காரணம்: துவைக்க எடுத்துப்போவதாகச் சொன்னார். குறிப்பு: நம்பப்பட்டது."

பையை மூடி, பவ்யமாக அவர் கையில் கொடுத்தார். அவர் போகத் திரும்பியபோது நோட்டில் நாலு பக்கம் பின்னால் புரட்டி, செல்வியின் வரியைக் காட்டினார்.

"சார், உங்களுக்கு எழுதுன அந்த ஒரு வார்த்தையை இந்தப் பொண்ணுக்கும் எழுதட்டுமா?"

செயலாளர் அந்த வரியைப் படித்தார். எதிரே மரத்தடியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். வாசலில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எழுதுங்க" என்றார்.

அண்ணன் எழுதினார். நான் டேப்லெட்டில் சிவப்பை எடுத்தேன். அதை எடுக்கவும் ஒரே ஒரு விரல்தான் தேவைப்பட்டது.

கடிகாரம் கிடைத்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. சோபாவுக்குக் கீழே அகப்பட்டது, அம்மா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான், பொய் சொல்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. ஆனால் அண்ணன் விஷயத்தில் அந்தப் பொய் அவரைச் சின்னதாக்கிவிடும். நிரூபணம் கிடைத்த பிறகு நம்புவதற்கு அவர் எதற்கு? நிரூபணம் இல்லாமலே மேல்மாடிக்காரருக்கு உடனே கிடைக்கிற நம்பிக்கை, கீழே வேலை செய்கிறவளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. செல்வி மறுநாள் நாலு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். பன்னிரண்டாம் மாடிக்கு மட்டும் போகவில்லை. அந்த அம்மா கூப்பிட்டும் போகவில்லை.

அந்த வாரமே ஏஜென்சி அண்ணனை அத்திபெலேயில் ஒரு கிடங்குக்கு மாற்றியது. காரணம் சொல்லவில்லை, எழுத்தும் இல்லை, போனில் ஒரு செய்தி. நான் கொதித்தேன். ராஜினாமாவை எறிந்து விதான சௌதா சட்டமன்ற வாசல் வரை ஊர்வலம் போகிறேன் என்று சபதம் செய்தேன். "கம்முனு இரு. நீயும் போயிட்டா அந்தப் பொத்தானை வேற எவனாவது அமுக்குவான்" என்றார். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கிடங்கில் எல்லாரையும் சட்டைப்பை வரை தடவித்தான் வெளியே விடுவார்களாம், டப்பாவுக்கு வேலை இல்லை. அதில் ரத்த அழுத்த மாத்திரை போட்டு வைத்திருந்தார்.

சாவு வீட்டில் மல்லிகா அண்ணி அதை என் கையில் கொடுத்தார். மூன்று மாத்திரையும் பத்துக் கோலியும் இருந்தன. செல்வி வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக வாசலில் தினம் பார்க்கிறேன், தினம் வணக்கம் சொல்கிறாள், அன்றுதான் அவளிடம் சொன்னேன், சிஸ்டம் இல்லையம்மா, அமுக்கியது நான்தான் என்று.

"தெரியும்ணா" என்றாள். "அண்ணா அன்னைக்கே மரத்தடியில சொல்லிட்டாரு. அமுக்குனவன் ஏகாம்பரம்தான், ஆனா இன்னொருவாட்டி அமுக்க மாட்டான்னாரு."

"நீ என்னம்மா சொன்னே?"

"நம்புனேன். வேற என்னா சொல்றது?" என்றுவிட்டு அடுத்த ஆளுக்கு டீயை நீட்டினாள்.

ஆகவே, அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியவை இவை. ஒரு பிஸ்கட் டப்பா. நோட்டில் காலியாக ஒரு குறிப்புக் கட்டம். அப்புறம் இந்த வலது கை ஆள்காட்டி விரல். இன்று காலை ஏழாம் மாடியிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது: டிரைவர் ஒருவரை பிளாக் பண்ணச் சொல்லி. டேப்லெட்டில் பொத்தான் தெரிந்து தெரிந்து மறைகிறது. நான் நோட்டை விரித்து வைத்திருக்கிறேன். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருக்கிறார். அவர் வந்து சொல்லட்டும். அதுவரை விரல் சட்டைப்பையில் இருக்கிறது.